மாவுக் குழாயின் ஒன்பது வளைவுகள்

ஆத்திரம் ஆறிய பிறகு இதை எழுதலாம் என்று ஆறு வருடமாகக் காத்திருந்தேன். ஆறவில்லை. இனி ஆறும் என்ற நம்பிக்கையும் இல்லை. அதனால் ஆத்திரத்தோடேயே எழுதிவிடுகிறேன்.

என் படிப்பு எட்டாம் வகுப்பில் பாதி. (அரையாண்டுத் தேர்வு எழுதினேன். முடிவு வருவதற்குள் ரயில் ஏறிவிட்டேன்.) அதற்குப் பிறகு உப்பளம், லாரி, கப்பல் உடைக்கும் துறை, ஹோட்டல் பின்கட்டு என்று எங்கெங்கோ இருந்தேன். அதிக நாள் நின்றது ஒரு சிமெண்ட் ஆலையில். அங்கே சிமெண்டைக் காற்றால் ஊதிக் குழாய் வழியே அனுப்புவார்கள். தூள் எங்காவது அடைத்துக்கொண்டால் ஒரு ஆள் மரச்சுத்தியால் குழாயைத் தட்ட வேண்டும். அந்த ஆள் நான். இரண்டு வருடம் தட்டினேன். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் வெளியே வரும்போது அந்தத் தொழிலில் நான் நிபுணன் என்று எனக்குள் முடிவாகியிருந்தது.

இந்த நிபுணத்துவத்தோடுதான் தாராவியில் பேச்சியக்கா வீட்டில் வந்து இறங்கினேன். என் கூடப் பிறந்தவள். அவளும் தங்கராஜ் அத்தானும் முறுக்கு போட்டு மாட்டுங்கா, செம்பூர் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்தின் ஒரு முனையில் தரைத்தளத்தில் மாவு மில். மறுமுனையில் ஒரு மாடி, அங்கேதான் அடுப்பும் முறுக்குப் பிழிதலும். இரண்டுக்கும் நடுவே நூறடி. மில்லில் அரைத்த மாவைத் தகர டின்னில் நிரப்பி, இடுப்பில் வைத்துச் சந்து முழுக்க நடந்து, செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறி மாடிக்குக் கொண்டு போக வேண்டும். அதைப் பிழிகிற பெண்களே செய்தார்கள். மொத்தம் ஒன்பது பேர். அவர்களுக்குத் தலைவி மாதிரி பாக்கியம்.

ஒரு மழை நாளில் ராணி என்ற பெண் டின்னோடு ஏணியிலிருந்து விழுந்தாள். மணிக்கட்டு உடைந்தது. மறுநாள் காலை பாக்கியம் மில் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இனிமே ஏணியில மாவு ஏறாது."

"அப்ப எப்படிம்மா போகும்?" என்றார் அத்தான்.

"அது ஒங்க பாடு. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள வழி பண்ணுங்க. இல்லன்னா சீத்தா கேம்ப்ல ஒரு ஆளு எங்க ஒம்பது பேரையும் கூப்பிடுதாரு. போயிருவோம்."

அந்த ஒன்பது பேர் போனால் அக்காவின் தொழில் அன்றோடு முடிந்தது. அவர்கள் கைக்கு இருந்த வேகம் வேறு யாருக்கும் கிடையாது. அக்கா அழ ஆரம்பித்தாள். அத்தான் கூரையைப் பார்த்தார். (கஷ்டம் வந்தால் அவர் கூரையைத்தான் பார்ப்பார்.) நானும் கூரையைப் பார்த்தேன். அங்கேதான் சனி பிடித்தது. கூரை மேலே ஒரு குழாய் போனால் என்ன?

"மாவை ஊதி அனுப்பிரலாம் அத்தான். சிமெண்டே போகுது, மாவு போகாதா?"

"நெசமாவா மாப்ளே?"

"ரெண்டு வருஷம் அதேதான் என் வேலை."

பொய் இல்லை. தட்டுகிற வேலை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலில் செம்பூரில் ஒரு இன்ஜினியரைப் போய்ப் பார்த்தேன். அக்காவிடம் முறுக்கு வாங்குகிற வீடு. இந்த மாதிரிக் குழாய் வேலைகளிலேயே இருந்து ஓய்வு பெற்றவராம். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு மாவு? மாவு எவ்வளவு நைஸ்? எத்தனை வளைவு? எனக்கு எரிச்சலாக இருந்தது. "சார், எவ்வளவு அழுத்தத்துல ஊதணும், அதை மட்டும் சொல்லுங்கோ" என்றேன். (மாட்டுங்கா, செம்பூர்க்காரர்களிடம் பேசும்போது எனக்கும் அந்த 'ங்கோ' ஒட்டிக்கொள்ளும். அதுவும் ஒரு அவமானம்தான்.)

"அதைத்தான்பா சொல்ல முடியாது. வெறும் காத்துன்னா கணக்குப் போட்டுடலாம். உள்ளே தூள் கலந்துட்டா ஒவ்வொரு தூளும் ஒவ்வொரு மாதிரி. புஸ்தகத்துல சூத்திரம் நெறைய இருக்கு, ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்கு ஒத்து வராது. உன் மாவை ஒரு சின்னக் குழாயில விட்டுப் பார்த்து அளந்துட்டு வா, அப்பறம் கணக்குப் போடலாம்."

"நானே அளந்துட்டு வரதுன்னா நீங்க எதுக்கு சார்?"

அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "இன்னொண்ணு கேட்டுக்கோ. மாவு குழாய்க்குள்ள விழற இடத்துலேர்ந்து..." என்று அவர் ஆரம்பிக்கும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் முடிக்கும்போது ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வந்துவிட்டிருந்தேன்.

சரி, அடுத்தது வழி. நேர் கோட்டில் போனால் பத்து கூரைகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் அனுமதி கேட்டேன். தாராவியில் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். 'முடியும், ஆனால்' என்பார்கள்.

காதர் பாய் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். "தாராளமா கொண்டு போ தம்பி. ஆனா நம்ம பை காயிற எடத்துக்கு மேல வேணாம். கொஞ்சம் ஒதுங்கிப் போயிரு." ஒரு வளைவு. ஒதுங்கியது திரும்பவும் கோட்டுக்கு வர வேண்டுமே? இன்னொரு வளைவு. ஷிந்தே மௌசி (மராத்தியில் சித்தி) வீட்டில் குழாய் சாமி மாடத்துக்கு மேலே வருகிறதாம். "பகவான் கே ஊப்பர் நஹி சலேகா" என்று, அதாவது சாமிக்கு மேலே கூடாது என்று, ஒரே வாக்கியத்தில் இரண்டு வளைவு வாங்கிவிட்டாள். தையல்காரர் ஜேக்கப் தன் கூரைத் தகரத்தில் பாரம் வைக்கக் கூடாது, சுவர் ஓரமாகப் போ என்றார். இப்படியே போய், நேராகப் போக வேண்டிய குழாய் மொத்தம் ஒன்பது வளைவோடு, நெளிந்து படுத்த பாம்பு மாதிரி மாடியைப் போய்ச் சேர்ந்தது.

எனக்கு ஒரு கவலையும் இல்லை. காற்றுக்கு வளைவு ஒரு பொருட்டா?

அளக்கவும் செய்தேன். என்னை ஒன்றுமே தெரியாதவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கொத்தனார் மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூப் இருக்கிறதல்லவா, அதை வளைத்துப் பாதி வரை நீலம் கரைத்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் குழாயில் சொருகினேன். குழாயில் காற்றை ஊதினால் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கி, மறுபக்கம் ஏறும். எத்தனை விரற்கடை ஏறுகிறதோ அத்தனை அழுத்தம். சிமெண்ட் ஆலையில் பெரியவர்கள் இப்படி அளப்பதைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். காற்று ஊதும் ப்ளோயர் ஒன்றை வாடகைக்கு எடுத்து வெறும் காற்றை ஊதினேன். பன்னிரண்டு விரல். உடனே குர்லா பழைய சாமான் சந்தைக்குப் போய் முப்பது விரல் வரை தள்ளக்கூடிய ப்ளோயர் ஒன்று வாங்கி வந்தேன். இரண்டரை மடங்கு! இவ்வளவு தாராளமாக எந்த இன்ஜினியர் கொடுப்பான்?

மாவு போடாமல் அளந்திருக்கிறோம் என்பது ஒரு நிமிடம்கூட மண்டையில் உறைக்கவில்லை. ஏறுகிற ஆள் இல்லாமல் ஏணியின் பலத்தைப் பார்த்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அத்தான் ப்ளோயருக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கினார். ஒன்பது பெண்களும் மாடியில் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். கட்டுப் போட்ட கையோடு ராணியும் வந்திருந்தாள். பாக்கியம் மட்டும் முதல் வேலையாக அடுப்புகளை எல்லாம் அணைத்து, சிலிண்டரையும் மூடினாள். "மாவு பறக்கும்னு சொல்லுதீய. பறக்குற மாவு தீப்புடிக்கும். நெருப்பு எதுக்கு?" என்றாள். (அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் மூளையை உபயோகித்த ஒரே ஆள்.)

நான் கீழே மில்லில் சுவிட்சைப் போட்டேன். மாவுப் பெட்டியிலிருந்து, அளவாகத் தள்ளிவிடுகிற ஒரு சுழல் சக்கரம் வழியாக, மாவு குழாய்க்குள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. மாவு வந்துவிட்டது! அக்கா சந்தில் நின்றபடியே அழுதாள், இந்த முறை சந்தோஷத்தில். அத்தான் என் தோளைத் தட்டி, "மாப்ளே, ஒன்னய என்னமோன்னு நெனச்சேன்" என்றார்.

மூன்று நிமிடம் இருக்கும். குலவை நின்றது. ப்ளோயரின் சத்தம் மாறியது. உறுமிக்கொண்டிருந்தது, வாயைப் பொத்தியது மாதிரி முனக ஆரம்பித்தது. மாடியிலிருந்து பாக்கியத்தின் குரல்: "அண்ணாச்சி, வரல! சுத்தமா நின்னு போச்சு!"

அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. மரச்சுத்தியை எடுத்துக்கொண்டு கூரை மேல் ஏறினேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் தட்டுவதுதானே! முதல் கூரையில் தட்டினேன். இரண்டாவதில் தட்டினேன். காதர் பாய் வளைவில் 'திம்' என்று கனமான சத்தம் கேட்டது. உள்ளே மாவு கல்லாக இறுகியிருக்கிறது. வந்த ஆத்திரத்தில் ஓங்கி ஒரு அடி. வளைவின் ரப்பர் இணைப்பு கழன்று தெறித்தது. அதற்குள் அடைத்திருந்த மாவு முழுவதும், பின்னால் தேங்கி நின்ற காற்று முழுவதும் சேர்ந்து, ஒரே மூச்சில் வெளியே பாய்ந்தது.

குழாய் எந்தப் பைகளுக்கு மேலே போகக் கூடாது என்று ஒதுக்கினோமோ, வளைவின் வாய் நேராக அவற்றைப் பார்த்துத்தான் திறந்தது. பாலிஷ் போட்டுக் காயவைத்திருந்த கறுப்புத் தோல் பைகள், வரிசை வரிசையாக. மாவு அடங்கியதும் பார்த்தால் எல்லாம் வெள்ளை. நடுவில் காதர் பாய் புருவம், தாடி, தொப்பி எல்லாம் ஒரே நிறமாக நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் மெதுவாக, "ஆர்டர் கறுப்புல."

ஒரு மனிதன் அந்த இடத்தில் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கூரை மேல் நின்றுகொண்டு கத்தினேன்.

"எல்லாம் ஒங்களாலதான் பாய்! நேரா போக விட்டிருந்தா இந்நேரம் மாவு மாடிக்குப் போயிருக்கும். ஒதுங்கு, ஒதுங்குன்னு வளைக்க வச்சீங்க. இப்ப அனுபவிங்க!"

அதோடு நிறுத்தவில்லை. மௌசியின் சாமி மாடத்தை இழுத்தேன். ஜேக்கப்பின் தகரத்தை இழுத்தேன். சந்தில் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி ஏசினேன். ஒன்பது பெண்கள் பிழைப்பைக் கெடுக்க ஊரே கூடிச் சதி செய்ததாகச் சொன்னேன். மௌசி கீழேயிருந்து மராத்தியில் பதில் சொன்னாள். புரியவில்லை, ஆனால் நீளமாக இருந்தது.

பாக்கியம் ஏணியில் இறங்கி வந்தாள். போகிறேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு வாரம் பாக்கியம்."

"ஒரு வாரம் மாவை யாரு சொமப்பா?"

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு தனக்குக் குடலிறக்கம் என்று அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு செய்தியை வெளியிட்டார்.

அன்றிலிருந்து ஆறு நாள் நான் ஒருவன்தான் டின் சுமந்தேன். உப்பளத்தில் சுமந்திருக்கிறேன், துறைமுகத்தில் சுமந்திருக்கிறேன். அந்த ஏணி வேறு ரகம். இரண்டு கையும் டின்னில் இருக்கும், பிடித்துக்கொள்ள மூன்றாவது கை வேண்டும். ராணி ஏன் விழுந்தாள் என்பதைவிட, மற்ற எட்டுப் பேர் இத்தனை வருடம் எப்படி விழாமல் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த ஏணியைப் பார்த்துக்கொண்டே முறுக்குத் தின்ற எல்லார் மேலும் கோபம் வந்தது. நானும் தினம் நாலு முறுக்குத் தின்றவன்தான். ஒவ்வொரு படிக்கும் ஒரு அண்டை வீட்டுக்காரரை ஏசிக்கொண்டே ஏறினேன். படிகள் பதினாறு. வீடுகள் போதாமல் சிலரை இரண்டு முறை ஏசினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாக்கியத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏ மணியண்ணே, காலையில இருந்து ஒரே பாட்டு. காதர் பாய் வளைவு, மௌசி வளைவுன்னு. எவங்க வளைவு எவ்வளவு கெடுக்குதுன்னு அளந்து காட்டும். ஒம்ம கிட்டதான் டியூப் இருக்கே. சும்மா ஊர ஏசாதிரும்."

"அளந்து காட்டினா?"

"குத்தவாளி யாருன்னு தெரிஞ்சா நாங்க ஒம்பது பேரும் போயி அவங்க வாசல்ல ஒக்காந்து வளைவை நிமுத்திட்டு வாரோம்."

இதைவிட எனக்கு என்ன வேண்டும்? அறிவு வந்து அளக்கப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். பழி வாங்கப் போனேன்.

சனிக்கிழமை காலையில் கூரைகள் மேல் கூட்டம். தன் வளைவு குற்றமற்றது என்று நிரூபிக்க வீட்டுக்கு ஒருவர் வந்திருந்தார். கழன்ற இணைப்பைத் திரும்ப மாட்டி, இந்த முறை மாவோடு அளந்தேன். அடைக்காதபடிக்கு ராணி ஒற்றைக் கையால் கிண்ணம் கிண்ணமாக, குறைவாகப் பெட்டியில் போட்டாள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஒரு துளை, பின்னால் ஒரு துளை. இரண்டிலும் டியூபின் இரு முனைகளைச் சொருகினால், அந்த வளைவு எவ்வளவு அழுத்தத்தைத் தின்கிறது என்று தண்ணீர் சொல்லிவிடும்.

மாடிப் பக்கமிருந்து ஆரம்பித்தேன். ஜேக்கப் வளைவு, இரண்டு விரல். "ரெண்டுதானா?" என்று நானே இன்னொரு முறை பார்த்தேன். இரண்டுதான். மௌசி வளைவுகள், இரண்டும் இரண்டும். மௌசி கும்பிட்டாள், மாடத்தில் இருந்தவருக்கு. காதர் பாய் வளைவுகளில் ஒன்று இரண்டு, ஒன்று இரண்டரை. "அந்த அரை என்னாத்துக்கு?" என்று அவர் சண்டைக்கு வந்தார். வெறும் காற்றை மட்டும் விட்டுப் பார்த்தபோது இவை ஒன்றுமே காட்டவில்லை. மாவு வளைவில் மோதி வேகம் இழக்கிறது, அதைத் திரும்பவும் ஓட வைக்கக் காற்று தன் பலத்தைச் செலவு செய்கிறது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் எட்டு வளைவையும் கூட்டினால் குழாயே அடைக்கிற அளவுக்கு வரவில்லை. எங்கேயோ ஒரு பெரிய திருடன் பாக்கியிருந்தான்.

"எட்டுதான் ஆச்சு," என்றார் ஜேக்கப். "ஒம்பதுன்னு சொன்னீங்களே அண்ணாச்சி?"

"அது மில்லுக்குள்ள இருக்கு. அது கணக்குல சேராது."

"ஏன் சேராது?" என்றாள் பாக்கியம்.

"அது... நம்ம வளைவு."

அவள் என் கையிலிருந்து டியூபைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். கூட்டம் முழுவதும் பின்னால் இறங்கியது. மில்லுக்குள், மாவு விழுகிற சக்கரத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் குழாய் வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பி, பிறகு மேலே போகும். அங்கே துளை போட்டேன். ராணி மாவைப் போட்டாள். நீலத் தண்ணீர் ஏறியது. நாலு. ஆறு. எட்டு. பத்து விரலில் போய் நின்றது.

அப்போதுதான் விழுந்த மாவு இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் அதைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்ட வைத்திருக்கிறேன். அங்கேயே பலம் தீர்ந்த காற்றுதான் காதர் பாய் வளைவில் மாவைப் போட்டுவிட்டு நின்றிருக்கிறது. செம்பூர்க்காரர் செருப்பு மாட்டியவனிடம் சொல்ல வந்தது இதைத்தான்: விழும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நேராக விடு.

"இது யாரு கேட்ட வளைவு?" என்றார் காதர் பாய். அவர் புருவத்தில் இன்னும் கொஞ்சம் மாவு இருந்ததாக எனக்கு ஞாபகம்.

யாரும் கேட்கவில்லை. அதுதான் இதுவரை சொல்லாமல் விட்டது. குழாய் நேராகப் போயிருந்தால் நான் ராத்திரி படுக்கிற மில் மூலையில், என் கட்டிலுக்கு மேலே போகும். அக்கா எனக்கு வாங்கிப் போட்ட இரும்புக் கட்டில். ரயில்வே பிளாட்பாரம், லாரி மேல் தார்ப்பாய், கப்பலின் உடைந்த அறை என்று படுத்து வந்தவனுக்கு நாலு காலோடு கிடைத்த முதல் இடம். அதற்கு மேலே மாவு கொட்டும் குழாய் உறுமிக்கொண்டு போவதா? யாரிடமும் சொல்லாமல் நானே வளைத்துவிட்டேன். சந்து முழுவதும் சேர்ந்து எட்டு வளைவு கேட்டது. ஒன்பதாவதை நான் கேட்டேன், நானே அனுமதியும் கொடுத்துக்கொண்டேன்.

ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். முதலில் மௌசி சிரித்தாள். பிறகு ராணி, கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு. கடைசியில் என் சொந்த அக்கா சிரித்தாள். பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. கட்டிலின் ஒரு காலைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "இது நகருமே மணியண்ணே" என்றாள்.

நகர்ந்தது. அன்றைக்கே வளைவை வெட்டிக் குழாயை நேராக்கினேன். மாவைக் கொஞ்சம் மெதுவாக விட்டோம். மதியத்துக்குள் மாடித் தொட்டி நிறைந்தது. பாக்கியமும் மற்ற எட்டுப் பேரும் சீத்தா கேம்ப்புக்குப் போகவில்லை. அந்த ஏணியில் அதற்குப் பிறகு ஒரு டின் மாவும் ஏறவில்லை. காதர் பாயின் பைகளை நானும் அத்தானும் ஒவ்வொன்றாகத் துடைத்துத் திரும்பப் பாலிஷ் போட்டோம். (குனிந்து செய்கிற வேலைக்குக் குடலிறக்கம் தடையில்லை என்று அக்கா தீர்ப்பளித்துவிட்டாள்.) மற்ற எட்டு வளைவும் இன்றும் அப்படியே இருக்கின்றன. அவற்றால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, பிறகு என்ன ஆத்திரம் என்கிறீர்களா?

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில், சந்தில், கல்யாண வீட்டில், யாராவது கோபமாக அடுத்தவர் குறையை அடுக்க ஆரம்பித்தால் ஒரே கேள்விதான்: "அது இருக்கட்டும், ஒன் கட்டில் எங்க கெடக்கு?" அக்கா மகள் பள்ளிக்கூடத்தில் தன் டீச்சரிடமே கேட்டுவிட்டு வெளியே நின்றிருக்கிறாள். நான் வாயைத் திறந்தாலே போதும், கேட்டுவிடுவார்கள். நியாயமான கோபத்துக்கும் கேட்பார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன மாதம் சந்துக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கிவிட்டது. மேல்பக்கம் எவனோ திருட்டு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான். மாநகராட்சி வார்டு ஆபீஸிலிருந்து ஆள் வந்தபோது நான்தான் முன்னால் போய் நின்றேன். ஆறு வருடத்தில் முதல் முறையாக முழு நியாயமும் என் பக்கம். எங்கே அழுத்தம் குறைகிறது, எந்த வீட்டுக்குப் பக்கத்தில் குறைகிறது, எல்லாம் டியூப் வைத்து அளந்து வைத்திருந்தேன். குரலை உயர்த்தி, "மூணு வீடு தாண்டினதும்..." என்று ஆரம்பித்தேன்.

பின்னாலிருந்து ஜேக்கப், "அண்ணாச்சி, கட்டில்?" என்றார்.

சந்தே சிரித்தது. கதை தெரியாத அந்த வார்டு ஆள்கூடச் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஃபைலை மூடினான், போய்விட்டான். தண்ணீர் இன்னும் நூலாகத்தான் வருகிறது.

வீட்டுக்கு வந்து, யாரும் பார்க்காதபோது, கட்டிலை இழுத்துவிட்டு அதன் கீழே குனிந்து பார்த்தேன். மோட்டார் எதுவும் இல்லை. இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.